சந்தனமாரியின் ஒன்பது மணி நேரம்

மட்டாஞ்சேரியில் ஒருவர் உங்களிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் அவர் குழாயைப் பற்றிக் கேட்கிறார் என்று அர்த்தம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். தமிழில்தான் அது ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக அல்லாடுகிறவள் சந்தனமாரி. பஸ்ஸில் போகிற தூரத்தில், தேவரா என்ற இடத்தில் ஓர் ஆற்றுநீர்க் கணிப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மழைக்காலத்தில் எந்த ஆற்றில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற இடம். இது அவள் தெருவுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? காலையில் அவள் பஸ்ஸுக்கு ஓடும்போது எதிர்வீட்டு ரோஜா காலிக் குடத்தோடு வாசலில் நின்று, "மாரிச்சேச்சி, இன்னைக்கு வெள்ளம் வருமோ?" என்பாள். எனக்கெப்படித் தெரியும் என்றால், "பின்னே ஆபீஸ்ல என்னதான் செய்யுறீங்க?" என்று அடுத்த கேள்வி வரும்.

பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுபோயிற்று. மழைக்காலம் வந்தால் இன்னொரு கூட்டம் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: வருமா, வராதா. "மூணு மணியிலேர்ந்து நாலு மணிக்குள்ள, இத்தனை அடி உயரத்துக்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கேட்டவர் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்கிற ஒரு மனுஷனாவது இந்த உலகத்தில் உண்டா என்று அவளுக்குச் சந்தேகம். புருஷன் முத்துவேலே சரியில்லை. எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஒன்பதுக்கு வந்து, "எட்டுன்னா எட்டரைக்குள்ளன்னு நினைச்சேன்" என்பான். அவனே ஹோட்டலில் ஊருக்கெல்லாம் நேரத்துக்குப் பரிமாறுகிறவன்.

சந்தனமாரி பிறந்ததே மட்டாஞ்சேரிதான். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், வாய் மட்டும் குறையாமல் பேசும். பழைய பதிவேடுகளை நகல் எடுக்க மூன்று மாதத் தற்காலிக வேலை என்று அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

கணக்கை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நகல் எடுத்து எடுத்துத் தானாகப் புரிந்தது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் மூன்று தசம எண்கள் இருக்கும், மூன்றையும் கூட்டினால் ஒன்று வரும். எந்த ஆறானாலும் ஒன்றுதான். ஒரு நாள் ஒரு தாளில் கூட்டினால் ஒன்றுக்கு மேலே போயிற்று. அப்போதிருந்த என்ஜினீயரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். மறுநாளிலிருந்து கணக்கு அவள் தலையில், கையெழுத்து அவர் பெயரில் என்று ஆயிற்று. அதன் பிறகு எத்தனையோ என்ஜினீயர்கள் வந்து போனார்கள். அந்த ஏற்பாடு மட்டும் போகவில்லை.

அந்தக் கணக்குக்கு மஸ்கிங்கம் முறை என்று பெயர். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆற்றின் பெயராம். முத்துவேல் அதைச் சூயிங்கம் என்றுதான் சொல்வான். ஒரு தடவை அவனுக்கு விளங்க வைக்கப் படாதபாடு பட்டாள். "மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில ஒரே நேரத்துல அம்பது பேர் ஓடி வந்தா என்ன ஆகும்? கேட்டுல நின்னு ஒவ்வொருத்தரா உள்ள போவாங்க. ஓடி வந்த வேகத்துலயா உள்ள போறாங்க? கூட்டம் கேட்டுக்கு வெளிய தேங்கும், மெதுவாத்தான் வடியும். அணையும் அப்படித்தான். ஆறும் கொஞ்சம் அப்படித்தான். மேல இருந்து வர்ற வெள்ளம் வழியில தேங்கித் தேங்கி, உசரம் குறைஞ்சு, நேரம் தள்ளி வரும். எவ்வளவு குறையும், எவ்வளவு நேரம் தள்ளும், அதுதான் என் கணக்கு." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முத்துவேல், "அதுக்கு ஜெட்டியில இன்னொரு கேட்டு வைக்கலாம்ல?" என்றான். அதோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கென்று பெருமைப்பட ஒன்றே ஒன்று இருந்தது. மஞ்சாடிப்புழை என்கிற ஆற்றின் ஒன்பது மணி நேரம். அந்த ஆற்றில் மேலே ஓர் அணை. அணைக்குக் கீழே ஆனக்கல்லு என்ற இடத்தில் ஓர் அளவுகோல். அதற்கும் கீழே, ஆறு இரண்டாகப் பிரிந்து ஒன்று சேரும் இடத்தில் மாம்பறத் துருத்து. துருத்து என்றால் ஆற்று நடுவிலுள்ள திட்டு. ஆனக்கல்லில் வெள்ளம் உச்சத்துக்கு வந்த நேரத்திலிருந்து சரியாக ஒன்பது மணி நேரத்தில் துருத்தில் உச்சம் வரும். பதினாறு வருஷத்துக்கு முன் இரண்டு இடத்துப் பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்து அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு வந்த வெள்ளம் ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் முன்னே பின்னே அந்த நேரத்துக்குத்தான் வந்தது. மேலதிகாரிகள் அறிக்கைகளில் அதை எடுத்துப் போட்டார்கள். எந்த அறிக்கையிலும் அவள் பெயர் இல்லை. இல்லாவிட்டால் போகிறது, ஆறு தன் பேச்சைக் கேட்கிறதே என்று இருந்தாள்.

அந்த நிம்மதியிலும் மண்ணைப் போட ஒருவர் இருந்தார். ஆனக்கல்லில் அளவு பார்க்கிற பீரான்குட்டி. துபாயில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதர். ஆற்றுக்குள் நட்டிருக்கிற அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதி, போனில் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு முதல் அளவு, மழை வந்தால் மணிக்கொரு தடவை. பதினெட்டு வருஷத்தில் ஆறு மணி அளவை அவர் ஏழரைக்கு முன்னால் சொன்னதே கிடையாது. கீழே துருத்துக்கு எதிர்க்கரையில் அளவு பார்க்கிற சுமா டீச்சர் ஆறு மணிக்கு எடுத்து மூன்றே நிமிஷத்தில் அனுப்பிவிடுவாள். இவர் ஆறு மணிக்கு எடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார் என்றே சந்தனமாரி நினைத்தாள். அதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. "ஒரு மினிட்டு லேட் ஆக்கியதில்லை மாடம்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் மே மாதம் ஆனக்கல்லில் தானியங்கிக் கருவி வைத்தார்கள். பீரான்குட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்துக்கு ஜிதின் என்று ஓர் இளைஞன் என்ஜினீயராக வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், கணினியில் படம் போல எல்லாம் வரைந்து காட்டுவான். சந்தனமாரியின் ஒன்பது மணி நேரத்தை வாங்கிக் கணினிக்குள் போட்டான். அப்பாடா, இனி சாயா குடிக்காத ஒரு கருவியோடு வேலை என்று அவளும் மூச்சு விட்டாள்.

ஜூனில் வந்த சின்ன வெள்ளம் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்து நின்றது. ஜிதின், நடுவில் எங்கோ தனி மழை பெய்திருக்கும் என்றான். ஜூலையிலும் அதே ஒன்றரை மணி நேரம். இந்தத் தடவை மணல் அள்ளி ஆறு ஆழமாகிவிட்டது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினாறு வருஷம் ஒழுங்காக வந்த ஆறு, கருவி வைத்ததும் கெட்டுப்போகுமா? கருவியில்தான் கோளாறு என்று அவள் சொன்னாள். "சேச்சி, அதுக்கு சேட்டிலைட்ல இருந்து நேரம் வருது" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் மூன்று நாள் விடாமல் பெய்து, அணையைத் திறந்தார்கள். இந்தத் தடவை சின்ன வெள்ளம் இல்லை. துருத்தில் வீடுகளுக்குள் போகிற வெள்ளம்.

துருத்தில் பதினோரு வீடுகள். அதில் ஒன்றில் அவள் தங்கை கற்பகம் இருந்தாள். கற்பகத்தின் புருஷன் பிச்சைமணி கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இடது காலில் தொடை வரைக்கும் கட்டுப் போட்டுக் கிடந்தான். துருத்திலிருந்து கரைக்கு வர ஒரே வழி சப்பாத்து, அதாவது ஆற்றோடு ஆறாகத் தாழ்வாகக் கட்டிய பாலம். வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அது மூழ்கிவிடும். மூழ்கினால் துருத்து தனி.

அன்று காலை ஏழரைக்கு ஆனக்கல்லில் உச்சம் என்று கருவி காட்டியது. ஏழரையும் ஒன்பதும் சேர்த்தால் நாலரை. எட்டு மணிக்குச் சந்தனமாரி தங்கைக்குப் போன் செய்தாள்.

"நாலரைக்கு உச்சம் டீ. மூணே முக்காலுக்குச் சப்பாத்து முழுகிரும். வாடகை வண்டி பிடிச்சாவது கிளம்பிரு. நான் சொல்றது விளையாட்டு இல்ல."

"சரிக்கா" என்றாள் கற்பகம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி அவள் சொன்னதை நிமிஷம் பிசகாமல் எடுத்துக்கொண்டாள். கற்பகம் மூன்று மணிக்கு ஒரு குட்டியானை வண்டியைச் சொல்லிவைத்தாள். மற்றப் பத்து வீட்டிலும் போய், "எங்க அக்காதான் இந்தக் கணக்கே போடுறது. நாலரைன்னா நாலரைதான். மூணு மணிக்கு வண்டி வரும், எல்லாரும் சேர்ந்து போவோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். காலையில் கிளம்ப இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டு மூட்டையை இறக்கி வைத்து, மத்தியானத்துக்கு உலை வைத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சுமா டீச்சரின் அளவு வந்தது. கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட ஒரு முழம் அதிகம். சந்தனமாரி அந்த அளவை ஜிதினிடம் நீட்டினாள். ஜிதின் திரையைப் பார்த்தபடி, "கடல்ல ஏற்றம் இருக்கும் சேச்சி, அதான் தண்ணி வடியல" என்றான். மட்டாஞ்சேரிக்காரியிடம் போய் ஏற்ற இறக்கம் சொல்கிறான். இப்போது இறக்கம் என்று காலையில் ஜெட்டிப் படிக்கட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். அவனோடு மல்லுக்கு நிற்க நேரமில்லாமல் பீரான்குட்டிக்குப் போன் போட்டாள். வேலை போனாலும் அந்த மனிதர் ஆற்றைப் பார்க்காமல் இருக்க மாட்டார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"பீரானிக்கா, இன்னைக்கு ஆனக்கல்லில எத்தனை மணிக்கு உச்சம்? பார்த்தீங்களா?"

"நோக்காம இருப்பேனா மாடம். கறக்ட் ஆறு மணி. பின்னே இறங்கத் தொடங்கியாச்சு."

"மிஷின் ஏழரைன்னு காட்டுதே."

"மிஷினுக்கு எந்தறியும்? ஆறு. என் கண்ணால கண்டதாக்கும்."

நான் சொன்னேனே, கருவியில்தான் கோளாறு என்று போனைக் கையில் பிடித்தபடியே அவள் ஜிதினிடம் பாய்ந்தாள். ஜிதின் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினான். "இல்ல சேச்சி. ஆறு மணிக்கு நான் வீட்டுல இருந்து இந்தத் திரையைத்தான் பார்த்துட்டிருந்தேன். அப்ப ஏறிட்டே இருந்தது. ஏழரைக்குத்தான் நின்னது. என் கண்ணால நானும் பார்த்தேன்."

ஒரு வெள்ளம் எப்படி இரண்டு தடவை உச்சத்துக்கு வரும்? அவள் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பள்ளிவாசல் பாங்கு கேட்டது.

"மாடம், வைக்கட்டே? பாங்கு கொடுத்தாச்சு. மணி பதினொண்ணாச்சு, பள்ளிக்குப் போகணும்."

"பதினொண்ணா? உங்களுக்குத் தூக்கம் கலையலையா? மத்தியானப் பாங்கு பன்னிரண்டரைக்குல்ல?"

"அது நம்ம ஊர்ல பன்னிரண்டரை. வாச்சுல பதினொண்ணு."

"எந்த வாச்சுல?"

"கையில கெட்டின வாச்சு. துபாயில வாங்கினது. என் மோள் அங்கல்லே வேலைக்கு இருக்கு? அவளுக்கு டூட்டி எப்ப முடியும்னு எனக்கறியண்டே? அதான் மாத்தல."

சந்தனமாரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பீரானிக்கா. பதினெட்டு வருஷமா நோட்டுல ஆறு மணி, ஏழு மணின்னு எழுதினீங்களே, அது எந்த வாச்சைப் பார்த்து?"

"வேறெந்த வாச்சு இருக்கு என் கையில?" அவருக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை. "ஆறு மணிக்கு அளவு எடுக்கணும்னு ஆர்டர். வாச்சுல ஆறு அடிச்சதும் எடுத்தேன், எடுத்ததும் உங்களுக்கு விளிச்சேன். ஒரு மினிட்டு லேட் ஆக்கியதில்லைன்னு நான் எத்தனை தடவை சொன்னேன். எந்த ஊர் ஆறு மணின்னு ஆர்டர்ல எழுதியிருந்தா அதுபடி எடுத்திருப்பேனே."

துபாயில் ஆறு என்றால் நம் ஊரில் ஏழரை. பதினெட்டு வருஷமாக அந்த மனிதர் ஏழரைக்கு ஆற்றைப் பார்த்து ஆறு என்று எழுதியிருக்கிறார். வெள்ளம் ஆனக்கல்லைத் தாண்டுவது ஏழரைக்கு, துருத்துக்கு வருவது மூன்று மணிக்கு. உண்மையில் அது எடுத்துக்கொள்வது ஏழரை மணி நேரம். நோட்டில் ஆறு என்று இருந்ததால் சந்தனமாரி அதை ஒன்பது என்று கண்டுபிடித்தாள். நோட்டும் தப்பு, ஒன்பதும் தப்பு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு பதினாறு வருஷம் சரியாக நடந்தன. இப்போது கருவி வந்து நேரத்தை மட்டும் சரியாக்கிவிட்டது. ஒன்பது அப்படியே நிற்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காயிற்று.

"எனக்கு ஏழரையைக் கூட்டிட்டீங்களே" என்றாள் அவள்.

"ஏழரை இல்ல மாடம், ஆறு" என்றார் பீரான்குட்டி.

திட்டுவதற்கு வாய் வரை வந்தது. யாரைத் திட்டுவது? வாச்சு காட்டியதை அவர் எழுதினார். எழுதினதை அவள் கூட்டிக் கழித்தாள். ஆறு மணி அளவு ஏழரைக்கு வருகிறதே, ஏன் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயா குடிக்கிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. மூன்று மணிக்கு உச்சம் என்றால் இரண்டேகாலுக்குச் சப்பாத்து முழுகும். வண்டி வருவது மூன்றுக்கு.

ஜிதினுக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. அவன் முகம் வெளுத்துவிட்டது. வெளுத்து என்ன? "எச்சரிக்கை நேரத்தை மாத்தணும்னா பெரிய சாருக்கு மெயில் போட்டு அப்ரூவல் வாங்கணும் சேச்சி. சார் மீட்டிங்ல இருக்கார்."

"என்ன மீட்டிங்?"

"வெள்ள மீட்டிங்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீ மெயில் போடு. நான் போன் போடுறேன்."

கற்பகம் முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவள் வாயில் சோற்றோடு பேசினாள்.

"சாப்டுட்டிருக்கேன்க்கா. எல்லாம் கட்டி வெச்சாச்சு. வண்டி மூணு மணிக்கு."

"வண்டிக்கு நிக்காத. இப்பவே எல்லாரையும் கூட்டிட்டுச் சப்பாத்தைத் தாண்டு. நடந்தே போ. ரெண்டேகாலுக்கு முழுகிரும்."

"நீதானே மூணே முக்கால்னே?"

"நான் சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. சந்தனமாரி தன் கணக்கைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கற்பகம் கேட்டதில்லை. சின்ன வயதில் கேரம் போர்டில் தோற்றால்கூட பலகை கோணல் என்று சாதிக்கிறவள்.

"விளையாடாதக்கா. காலையில நீ சொன்னதை நம்பித்தானே பதினோரு வீட்டுக்காரங்களையும் நிப்பாட்டி வெச்சிருக்கேன். இப்பப் போய் நடங்கன்னா, இவரை யாரு தூக்குறது?"

"நாலு பேர் தூக்குங்க. நாற்காலியில வெச்சுத் தூக்குங்க. சாமான் எதையும் எடுக்காத."

"தண்ணி ஏறுதுதான், நானும் பார்த்தேன். நாலரைக்குத்தானேன்னு இருந்துட்டேன்." கற்பகத்தின் குரல் மாறிவிட்டது. "உறுதியாச் சொல்றியா? மறுபடி மாத்த மாட்டியே?"

"மாத்த மாட்டேன். எந்திரி டீ."

கற்பகம் போனை அணைக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. சந்தனமாரி காதிலிருந்து அதை எடுக்கவில்லை. பாத்திரம் உருளும் சத்தம். யாரோ ஒரு பெண், "உங்க அக்கா பைத்தியமா?" என்று கேட்பது. கற்பகம் வீடு வீடாகக் கத்துவது. ஒருவர் இப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறாராம், ஐந்து நிமிஷத்தில் வருவாராம். தொண்ணூறு நிமிஷத்தைத் தின்றுவிட்டு ஐந்து நிமிஷம் கேட்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தின்றது அவள்தான் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

பிச்சைமணியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். அவன் வலியில் எல்லாரையும் பரம்பரையோடு ஏசினான். அதை எழுத முடியாது. பிறகு ஆற்றின் சத்தம் பெரிதாகிப் பெரிதாகி மற்ற சத்தமெல்லாம் அமுங்கிப்போயிற்று. "காலை ஊனி வை, காலை ஊனி வை" என்று ஓர் ஆண்குரல் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்டது. மணி ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் போன் அறுந்தது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அழைத்தாலும் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. சந்தனமாரி மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒரு நாற்காலியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு அந்தச் சப்பாத்தைக் கடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போடப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் போகும் என்றே கணக்குப் போட்டவளுக்கு, மனிதர்கள் எவ்வளவு நேரத்தில் போவார்கள் என்று தெரியவில்லை. ஜிதின் ஒரு சாயா கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப்போயிற்று.

இரண்டு இருபதுக்குச் சுமா டீச்சர் கூப்பிட்டாள். சப்பாத்து தெரியவில்லை, கைப்பிடிக் கம்பியின் நுனி மட்டும் தெரிகிறது என்றாள். ஆட்களைப் பார்த்தாயா என்று சந்தனமாரி கேட்டாள். மழையில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை என்றாள் டீச்சர்.

இரண்டு நாற்பதுக்குப் பெரிய சாரின் அனுமதி வந்தது. திருத்திய எச்சரிக்கை உடனே வெளியாகும் என்று ஜிதின் மெதுவாகச் சொன்னான்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம். எல்லாரும் இருக்கோம். என் போன் தண்ணியில விழுந்துருச்சு."

சந்தனமாரி அழுதாள். அலுவலகத்தில், எல்லார் முன்னாலும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குத் துருத்தில் வெள்ளம் உச்சத்தைத் தொட்டது.

மறுநாள் ஜிதின் அறிக்கை எழுதினான். "வெள்ளம் எதிர்பார்த்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்தது" என்று ஆரம்பித்திருந்தான். அவள் அந்த வரியை அடித்தாள்.

"வெள்ளம் அதோட நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஒன்பதுங்கிற எண்ணு தப்புன்னு எழுது."

"யார் நிர்ணயிச்சதுன்னு கேப்பாங்க சேச்சி. உங்க வேலைக்கு ஏதாவது..."

"என் பேரைப் போடு. இத்தனை நாள் போடாததுக்கும் சேர்த்துப் போடு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி பஸ் மாறி முகாமுக்குப் போனாள். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். பிச்சைமணி மூலையில் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். கற்பகம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். கற்பகம் குரலை உயர்த்தவே இல்லை.

"தையல் மிஷின் போயிருச்சுக்கா. ஓணத்துக்கு வெட்டி வெச்சிருந்த முப்பது நைட்டியும் போயிருச்சு. காலையில ரெண்டு பேர் மிஷினைத் தூக்கிட்டுப் போறேன்னு வந்தாங்க. நான்தான், இன்னும் நேரம் கிடக்கு, வண்டியிலயே ஏத்திக்கலாம்னு அனுப்பிச்சேன்." பிறகு, "எத்தனை நாளாக்கா அந்தக் கணக்கு தப்பு?" என்று கேட்டாள்.

"பதினாறு வருஷம்" என்று சந்தனமாரி துபாய் வாச்சுக் கதையை முழுக்கச் சொன்னாள்.

பக்கத்துப் பாயிலிருந்த அடுத்த வீட்டுக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் எத்தனையோ பேர் அநியாயமாகக் குறைப்பட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இது ஒன்றுதான் நியாயமான குறை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, வரும்போதே பையில் மடித்துக் கொண்டுவந்த தாளைப் பிரித்தாள். "அணையை மூடியாச்சு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குச் சப்பாத்து தெரியும். வெயில் ஏறுறதுக்குள்ள போய் வீட்டைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள்.

கற்பகம் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்டாள்.

"எந்த வாச்சுலக்கா?"